காளிக்குப் படைத்த பிரெஞ்சுப் பழங்கள்

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கரங்கான் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பாரிசில் அவர் வாங்கிய பழக்கூடை ஓவியம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வால்டர் வீட்டுக்கு வந்தது. அதைத் தீட்டியவனே தமக்குப் பங்காளி என்பதுபோல், வருகிறவர்களிடமெல்லாம் வால்டர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன தோட்டத்துக் கூலி இருளப்பன் உயிரோடு திரும்பினான். அவன் வந்தால் காளிக்குக் கூடைப் பழம் படைப்பதாக அவன் மனைவி செல்லாயி நேர்ந்திருந்தாள். தோட்டத்து வாழைகளையெல்லாம் சிப்பாய்கள் தாரோடு வெட்டிப்போயிருந்தார்கள். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் காளி அவனைத் திருப்பிக் கேட்பாள் என்று செல்லாயிக்குத் தூக்கமில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் கிராணியிடம் கேட்டாள்.

“ஐயா, அந்தப் படத்த ஒரு பொழுது குடுங்க. சாமிக்கு வெச்சுட்டுத் தந்துர்றேன்.”

“ஒங்க சாமிக்குக் கண்ணு தெரியாதா, செல்லாயி?”

“நீங்களும் அதப் பாத்துத்தான தெனம் வயித்தத் தடவிக்கிறீங்க?”

களமே சிரித்தது. கிராணி கொடுத்துவிட்டார். பூசாரி கற்பூரம் காட்டி, படத்தைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஜப்பானிய அதிகாரி அதைச் சுற்றிய துணியோடு கூலிம் பட்டணத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். வால்டர் கோட்டு மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்லப் போனார். கைதட்டுவதற்காகத் தோட்டத்து ஆட்களையும் லாரியில் ஏற்றினார்கள்.

துணியை விலக்கினார்கள். கூடையில் தோலும் கொட்டையும்தான் இருந்தன.

வால்டர் தொண்டையைக் கனைத்தார். “பிரெஞ்சுக்காரர்கள் தின்று முடித்ததைத்தான் வரைவார்கள்.”

அதிகாரி மெச்சித் தலையாட்டினார்.

“தின்னுட்டாடி! ஆத்தா தின்னுட்டா!” என்று கத்திக் குலவையிட்டாள் செல்லாயி. தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

குலவை தமக்குத்தான் என்று அதிகாரி குனிந்து வணங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால், படத்துக்குள், ஒரு பழத்தோல் ஈரம் காய்ந்து மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது.