அப்பா இல்லாத பதில்

"இந்தப் பதிலுக்குப் பூஜ்யம் போடுங்க!"

சேபோம் அம்மா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் அறையில் இருந்த எல்லோருக்கும் சுருக்கென்றது.

தென்கொரியாவின் புசான் துறைமுகத்தை ஒட்டிய அடுக்ககம் அது. அரசு அறிவியல் உயர்நிலைப் பள்ளிக்கான நேர்காணல் சனிக்கிழமை. பயிற்சி மையத்துக்குக் கொட்டிக் கொடுக்க வசதி இல்லாத பெற்றோர்கள் ஒன்று சேர்ந்து, அடுக்ககத்து வாசகசாலையில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்கள். மூத்த மகளை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்ட மினா அம்மாதான் தேர்வாளர். அந்தத் தோரணைக்காகவே கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏம்ப்பா அறிவியல் படிக்கணும்னு ஆசைப்படறே?" என்று அவள் கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மாணவன் கிவோன் தயங்காமல் சொன்னான்.

"எங்கப்பா கப்பல் கட்டற இடத்துல வெல்டர். சின்ன வயசுல அவரோட முகமூடியைப் போட்டுக்கிட்டு அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தேன். ரெண்டு இரும்பு எப்படிப்பா ஒண்ணாச்சுன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல. 'நீ கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு'ன்னார்."

கடைசி வரிசையில் வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்த அவன் அப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மினா அம்மா குறிப்பு எழுதுவதை நிறுத்தி, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சேபோம் அம்மா எழுந்தாள்.

"நேர்காணல் விதி தெரியும்ல? அப்பா அம்மா என்ன வேலை பார்க்கறாங்கன்னு வாயைத் திறந்தா மார்க்கே கிடையாது."

"அட, அது டாக்டர், ஜட்ஜ் வீட்டுப் பிள்ளைங்களுக்குப் போட்ட விதிங்க" என்று மினா அம்மா சிரித்தாள். "அப்பன் பேரைச் சொல்லி உள்ளே நுழைஞ்சிடக் கூடாதுன்னு. வெல்டர்னு சொன்னா எந்த வாத்தியார் எழுந்து நின்னு சலாம் போடப் போறார்?"

"விதியில டாக்டர்னா எழுதியிருக்கு? வேலைன்னுதான் இருக்கு."

"பையன் மனசுல இருந்து பேசறான். அதையும் பொறுத்துக்க முடியலையா உங்களால?"

சேபோம் அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிவோன், மறுபடி சொல்லு. அப்பா இல்லாம."

"சின்ன வயசுல... எங்கப்பாவோட..."

"நிறுத்து. மறுபடி."

"நீல வெளிச்சத்தை... அப்பா காட்டினப்ப..."

"மறுபடி!"

பையனுக்கு உதடு துடித்தது. பக்கத்தில் இருந்த சேபோமே, "போதும்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். 

கிவோன் அப்பா எழுந்தார்.

"நான் வெளியில நிக்கறேங்க. என்னைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வாயில வந்துடுது போல."

கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். அப்பாவைப் பற்றிய பேச்சே வராமல் முழுப் பதிலையும் சொல்லி முடித்த பிறகுதான் சேபோம் அம்மா பையனை விட்டாள்.

அன்று லிஃப்டில் இதே பேச்சுதான்.

"அவ பொண்ணும் அதே பள்ளிக்குத்தானே போட்டி போடறா? இந்தப் பையன் மனசை உடைச்சிட்டா பாதி வேலை முடிஞ்சது!"

"மீன் அறுத்து அறுத்து, மனசும் அப்படி ஆயிடுச்சு அந்தம்மாவுக்கு."

முடிவு வந்தது. கிவோனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சேபோமுக்குக் காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர். கிடைத்த இடத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் சேபோம் முதல் பெயராகவே நின்றுபோனாள்.

"நல்லா வேணும்!" என்றாள் மினா அம்மா.

மறுநாள் மீன் சந்தையில் இருந்த சேபோம் அம்மாவின் கடைக்குக் கிவோன் அப்பா வந்தார். கையில் அரிசி கேக் பெட்டி. பையன் பாஸானதற்காக வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார்.

"சேபோம் அம்மா, முதல் கேள்வியே 'ஏன் அறிவியல்'ங்கறதுதானாம். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசியிருக்கான்."

"சந்தோஷம்." அவள் செதில் சீவிக்கொண்டே இருந்தாள்.

அவர் நகரவில்லை.

"நீங்க அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, அந்த இடம் உங்க பொண்ணுக்குத்தான்."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் மூத்தவனும் ரெண்டு வருஷம் முன்னாடி அங்கே நேர்காணலுக்குப் போனான். அவனுக்கும் எல்லாத்துலயும் நல்ல மார்க்தான். ஆனா கிடைக்கல. அதுக்கப்புறம்தான் நான் அந்த விதியையே படிச்சேன்."

"அடடா! இதை அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே? உங்களை என்னென்னவோ பேசறாங்க."

"சேபோம் பக்கத்துல இருந்தாளே. அவ காதுல விழுந்தா அவ அண்ணனுக்குப் போயிடும். எதனால தோத்தோம்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாதுங்க. தெரியவும் கூடாது."

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"நேர்காணல் முடிஞ்சு நேரா இந்தக் கடைக்குத்தான் ஓடி வந்தான். 'அம்மா, நீ மீன் கடையில அறுக்கறதைப் பார்த்துத்தான் உயிரியல் மேல ஆசை வந்துச்சுன்னு சொன்னேன். உடனே மூணு பேரும் எழுதறதை நிறுத்தி, பேனாவைக் கீழே வெச்சுட்டாங்கம்மா! அப்படியே உருகிப்போயிட்டாங்க!'ன்னு சொல்லிக் குதிச்சான்."