அரக்கு நூல் முடிச்சு

2023 ஜூன் 12, திங்கட்கிழமை காலை, ஆரணியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் ரேணுகாதேவியின் வலது காலில் இருந்த மாவுக்கட்டை அறுத்து எடுத்தார்கள்.

கட்டுக்குள் இருந்த கெண்டைக்கால் சூம்பிப் போயிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தொடையைத்தான் பார்த்தாள்.

பட்டு நெய்கிறவள் அவள். தறிக்குழியில் மிதிகட்டையை அழுத்தி இறக்குவது தொடைதான்.

சித்திரையில், சந்தவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வண்டி சறுக்கிக் கால் முறிந்தது. தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது.

கட்டுப் போட்ட அன்றே, காலை ஊன்றவே கூடாது, ஆனால் சும்மா கிடந்தால் சதை கரைந்துவிடும் என்றாள் பிசியோதெரபி பார்க்கும் லாவண்யா. கட்டோடு காலை நீட்டித் தூக்க வேண்டும், தொடையை இறுக்கி இறுக்கி விட வேண்டும். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் தினம் சாப்பிடலாம்.

“அதுல ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் இருக்கு. ஆனா பயிற்சி பண்ணாம அத மட்டும் சாப்ட்டுகினு இருந்தா ஒண்ணும் ஆவாது.”

“ஆன்ட்டிக்கு ஆக்ஸிடென்ட்டுன்னு எங்களுக்கே தெரியும்ங்க,” என்றான் ரேணுகாதேவியின் புருஷன் முத்துவேல். “அதுக்குத்தான வந்துகீறோம்.”

ரேணுகாதேவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டுநூல் மிச்சத்தில் அரக்கு நிறத்தில் ஓர் இழை எடுத்தாள். தொடையைச் சுற்றி, நூலின் முனை வந்து தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அதுதான் அளவு. தறிக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்த்தபோது முடிச்சு முனையைத் தாண்டிப் போயிற்று. தாண்டிய அளவுக்குச் சதை போயிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்துத் தறியிலிருந்து முத்துவேல் எட்டிப் பார்த்தான். “இன்னாமே, கரையுது போலகீதே. பேசாம தார் சுத்திகினு குந்து. இந்தத் தறிக்கு வேற ஆள் பாத்துக்கலாம்.”

தார் சுற்றுவது, நெய்கிறவர் கைக்கு நூலைச் சுற்றிக் கொடுக்கும் எடுபிடி வேலை. நெய்கிறவளிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல அது.

முடியாது என்று யாராவது சொன்னால் போதும், ரேணுகாதேவிக்கு வெறி வந்துவிடும். கட்டுக் காலை நீட்டித் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். தொடை தீயாய் எரிந்தது. நெல்லிக்காயை மென்று முகம் சுளித்தாள், மறுபடி தூக்கினாள்.

வெள்ளிதோறும் முடிச்சு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. வெள்ளிதோறும் முத்துவேல் தார் பேச்சை எடுத்தான். அவள் இன்னும் கூடத் தூக்கினாள்.

இப்போது, கட்டை எடுத்த மருத்துவமனையில், லாவண்யா டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

“பெருசா குறையவே இல்லக்கா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாகீது.”

“தப்பா அளந்துட்டம்மா,” என்றாள் ரேணுகாதேவி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரக்கு நூலை எடுத்துத் தொடையைச் சுற்றினாள். முடிச்சு மூன்று விரல் தாண்டி நின்றது.

லாவண்யா மறுபடி அளந்தாள். டேப் முன்பு சொன்னதையே சொன்னது.

ரேணுகாதேவி நூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முடிச்சின் வால் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் போடும் முடிச்சு வலது பக்கம் சாயும். தறியில் ஓடும் பாவில் அறுந்த இழைக்கு யார் முடிச்சுப் போட்டது என்று, விரலால் தடவியே அவளால் சொல்ல முடியும். அந்த வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான்.

“யோவ்.”

முத்துவேல் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் நூலைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆடி பிறந்த வாரத்தில் முகூர்த்தப் புடவைத் தறியில் மிதிகட்டை இறங்கியது. புடவை முடியும்வரை அவளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தது முத்துவேல்.