மூன்று பேர் வேளைக்காரப் படை

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கேட்கவில்லை.

எதிரே நாற்காலியில் அவர். எண்பத்தைந்து இருக்கும். இளவேங்கையின் கதையை எழுதிய கை போர்வை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

ஒரே ஒரு கேள்விதான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி வரும்வரை பஸ்ஸில் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக வரவில்லை.

இளவேங்கையை ஏன் கொன்றீர்கள்?

நாற்பது வருஷமாகத் தோழிகள் மூன்று பேர் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. சகாயராணி போன மாதம் போய்விட்டாள், விடை தெரியாமலே. ரஹ்மத் மகனோடு மஸ்கட்டில் இருக்கிறாள்.

"இனிமேயும் தள்ளிப்போடாதடி. எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வா" என்றாள் போனில்.

அப்போது மூவருக்கும் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். மாலை ஆறு மணி வகுப்பு. கடைசி வரிசையில் மூன்று தமிழ் மெஷின்கள்.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வரும். ரஹ்மத் அதை மடியில் விரித்துத் தொடர்கதையை மெல்லிய குரலில் படிப்பாள். குரல் வாத்தியார் காதுக்குப் போகாமலிருக்க மற்ற இருவரும் மெஷினைப் படபடவென்று தட்டுவார்கள். அந்த வருஷம் மூவருக்குமே வேகம் கூடியது.

கதையில் மலைக் கணவாயைத் தனியாளாகக் காத்து நின்றான் தளபதி இளவேங்கை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் தோளில் விஷ அம்பு தைத்தது. 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். சகாயராணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அரசனின் உயிருக்குத் தங்கள் உயிரை ஈடு வைத்த வேளைக்காரப் படையைப் பற்றி அந்தக் கதையில்தான் படித்திருந்தார்கள். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

பத்திரிகைக்கு நாற்பது போஸ்ட் கார்டு அடித்தார்கள். நாற்பது பெயர். ஓய்வுபெற்ற தாசில்தார்கள் மட்டும் மூன்று பேர். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: இளவேங்கை பிழைக்க வேண்டும்.

ரஹ்மத்தின் அண்ணன் லாரி ஓட்டினார். கரூரில் கொஞ்சம், சேலத்தில் கொஞ்சம் என்று போகிற ஊரிலெல்லாம் தபால் பெட்டியில் போட்டார்.

யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. அந்தப் பொறுப்பு, இப்போது காபி முன் உட்கார்ந்திருக்கும் அவளுடையது. ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிடாமல் இருக்கத் தனி நோட்டு வைத்திருந்தாள்.

அடுத்த மாதமே இளவேங்கை செத்துப்போனான். அரைப் பக்கத்தில். முற்றும்.

"இளவேங்கையப் பத்திக் கேக்கணும்னு மககிட்ட சொன்னீங்களாமே." அவரே ஆரம்பித்தார். "அவன நான் கொல்லலம்மா. கார்டுதான் கொன்னுச்சு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கட்டா வாசகர் கடுதாசி வந்திருக்கு, ஆபீசுக்கு வாங்கன்னு எடிட்டர் கூப்பிட்டார். புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். மேசை மேல வரிசையா அடுக்கி வெச்சிருந்தார். கரூர்லேர்ந்து பதினொண்ணு, சேலத்துலேர்ந்து பன்னெண்டு. ஊர் வேற, ஆள் வேற. மூலையில போட்டிருந்த நம்பர் மட்டும் ஒண்ணு ரெண்டுன்னு ஒரே வரிசையில."

சிரித்தார். இருமல் வந்தது.

"'ஆள் வெச்சு எழுதுறதுன்னா, நம்பர் போடாம எழுதச் சொல்லக் கூடாதா சார்'னார். ரெண்டு வாரத்துல முடிச்சுக் குடுங்கன்னுட்டார். எனக்கு இன்னும் இருபது வாரத்துக்குக் கதை இருந்துச்சு. அவனுக்குக் கல்யாணம்கூட வெச்சிருந்தேன்."

மேலே மின்விசிறி சுற்றியது.

"அதுக்கப்புறம் எங்கிட்ட யாரும் தொடர்கதை கேக்கல. ஆகாதவன் எவனோ பாத்த வேலை. யாருன்னுதான் கடைசி வரைக்கும் தெரியல."

கார்டுகளை மூவரும் அடித்தார்கள். எண் போட்டது அவள்.

எண் இல்லாத கடிதம் வெளியே போகக் கூடாது. வகுப்பில் அதுதான் முதல் பாடம். அடித்த கார்டுகளைத் திரும்ப ஒவ்வொன்றாக மெஷினில் சுருட்டி, இடது மூலையில் கடித எண் போட்டாள்.

'நம்பர் எதுக்குடி?' என்று சகாயராணி கேட்டாள்.

'முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.'

நாலரைக்கு ஒரு பஸ் இருந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். அவருக்கு எதுவும் நினைவில்லையாம் என்று ரஹ்மத்திடம் சொல்லிவிடலாம். ரஹ்மத் நம்புவாள்.

காபியைக் குடித்தாள்.

எழுந்திருக்கவில்லை.

"நம்பர் போட்டது நான்தாங்கய்யா."

போர்வையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஆகாதவங்க இல்லீங்க. ஒங்க கதையப் படிச்சவங்கதான். நாப்பது பேர் இல்ல. மூணு பேர்."

"மூணு பேர்" என்றார்.

சற்றுக் கழித்து இன்னொரு முறை சொன்னார். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊர், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எதையும் அவர் கேட்கவில்லை. மடித்த போர்வை நுனியை மறுபடி பிரித்தார்.

"இருபத்தேழு வரலையே."

"ஐயா?"

"இருபத்தாறுக்கு அப்புறம் இருபத்தெட்டு. நடுவுல ஒண்ணு இல்ல."

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மற்ற இருவருக்கும் அது தெரியவே தெரியாது.

"அது மட்டும் என் பேர்ல அடிச்சதுங்க. வீட்டுக்குப் பதில் கிதில் வந்துட்டா அப்பாவுக்கு யார் சொல்றதுன்னு போடல."

"என்ன எழுதியிருந்தீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு..."

"அவருக்கு வேண்டாம்மா. அவர் போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. எனக்குச் சொல்லுங்க."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.