பன்னிரண்டு வோல்ட்

"சப்ளையில குடுத்த பன்னெண்டு வோல்ட்டும் அப்படியே டிரான்சிஸ்டரோட கலெக்டர் முனையில நிக்குதா? அப்படின்னா அது வேலையே செய்யலன்னுல்லா அர்த்தம்!" எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் விரிவுரையாளர் முகுந்தன் எரிந்து விழுந்தார்.

"மீட்டர் அதத்தான் காட்டுது சார்," என்றாள் இசக்கிபிரியா.

"இந்த வாரம் இதே போர்டுல முப்பது பேரு அளந்திருக்காங்க. எல்லாருக்கும் ஆறு வோல்ட். ஒனக்கு மீட்டர் பிடிக்கவே தெரியல."

வகுப்பே பார்க்க, அவள் நோட்டில் பூஜ்யம் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

போர்டை எடுக்க வந்த ஆய்வக உதவியாளர் மாரிராஜ் தயங்கினார். "சார், இதுல டிரான்சிஸ்டர் எரிஞ்சு ஒரு மாசமாச்சு. அன்னைக்கே எழுதிக் குடுத்தேன்லா?"

முகுந்தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு.

முப்பது நோட்டுகளையும் புரட்டினார். எல்லாரும் ஆய்வகக் கையேட்டைப் பார்த்தே ஆறு என்று எழுதியிருந்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது.

பஸ் ஸ்டாப்பில் நின்றவளிடம் வேகமாகப் போனார்.

"மன்னிச்சிரும்மா. நீ ஒருத்திதான் அளந்திருக்க."

"பரவால்ல சார். கையேட்டுல ஆறுன்னு இருக்கவும் நானும் பயந்துட்டேன்."

முகுந்தன் தலைகுனிந்தார். "அந்தக் கையேட்ட எழுதினது நான்தான். நானும் அளந்து பாக்கலம்மா."