இரண்டாவது வெடி

துப்பாக்கியை அவர் இடது தோளில் வைத்தார்.

கை நடுங்கவில்லை. அதுவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

பின்னால் வீட்டுக்குள் மகள் அலமேலுவைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். விடியும்போது போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றிலேயே போயிற்று.

அவள் புருஷன் காரிராமனின் ஊர் எதிர்மலையில். நடுவே பள்ளத்தாக்கு. இறங்கி ஏற அரை நாள் ஆகும். டவர் எட்டாத மலை. கூப்பிட்டால் கேட்காது. வெடித்தால் கேட்கும். மேளம் அடித்தால் கேட்கும்.

அதனால் வெடிதான் சேதி. பிறக்கிற பிள்ளைக்கு ஒரு வெடி; பதிலுக்கு எதிர்மலையில் மேளம். மேளம் நல்லதுக்கு மட்டும். சாவுக்கு இரண்டு; மூச்சு விடக்கூட இடம் தராமல், ஒட்டினாற்போல் இரண்டு. வெடி கேட்காமல் புருஷன் வீட்டார் கிளம்பக் கூடாது. பிள்ளையோடு செத்தவளை உச்சிப்பொழுதுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

சாவு வீட்டுக்காரன் வெடிக்கக் கூடாது என்றும் ஒன்று உண்டு. ஆனால் இன்றைக்கு வேறு யார் வெடிப்பது?

போன தையில் போலீஸ் வந்து ஊர்த் துப்பாக்கிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இவர் மட்டும் கொடுக்கவில்லை. கூரைக்குள் சொருகிவிட்டு, எப்போதோ விற்றுவிட்டேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சாதித்தார். பேரப்பிள்ளைக்கு வெடிக்க வேண்டாமா என்று வீட்டில் காரணம் சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

அப்படியொரு துப்பாக்கி.

அடிவாரத்து ஆசாரி இவர் கையை முழம் போட்டு, தோளை அமுக்கிப் பார்த்து, கழுத்தைச் சாய்க்கச் சொல்லி அளவெடுத்துச் செய்தது. இவருக்கு இடது கைப் பழக்கம். அதற்காகச் சக்கிமுக்கிக் கல் அடித்துப் பொறி விழும் இடத்தையே இடது பக்கம் மாற்றி வைத்தார் ஆசாரி. வேறு எவன் வலது தோளில் வைத்தாலும் நெருப்பு அவன் முகத்தில்தான் அடிக்கும்.

"என் தோளத் தவிர இவ எவன் தோள்லயும் ஏறமாட்டா" என்று சந்தையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! மனைவி கொளஞ்சி அதைச் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவாள். அதைக் கேட்டு மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

விசையை இழுத்தார்.

கல் உரசியது. பொறி. பிறகு வெடி.

புகை கலையும்முன் துப்பாக்கியை இறக்கினார். மாட்டுக் கொம்பிலிருந்து வெடிமருந்தைக் கொட்டினார். தேங்காய் நாரைத் திணித்தார். இடிக்கும் கம்பியை எடுத்தார்.

அப்போதுதான் உறைத்தது.

சாவுக்கு எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டு துப்பாக்கி. ஒன்றின் சத்தம் அடங்கும்முன் மற்றது. ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு வெடியை எப்படி ஒட்டவைப்பது? இருபது வருடம் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்த கைக்கு இது தெரியாதா? ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எதிர்மலையில் மேளம் கேட்டது.

ஒரு மேளம். பிறகு இன்னொன்று.

அவர்களுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது.

அவர் அவசரமாக இடித்தார். கம்பி நழுவியது. மச்சினன் சீரங்கன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

கொளஞ்சி வாசலுக்கு வந்து நின்றாள். மேளத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மெல்லமா கெட்டிங்க. அங்க அவ இன்னும் உசுரோடதான் இருக்கா."

அவர் கை நின்றது.

நாரை வெளியே எடுத்து மறுபடி சுருட்டினார். கல்லைத் துடைத்தார். துடைத்த கல்லையே துடைத்தார். அங்கே அலமேலு குளித்துவிட்டுத் தலை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது. காரிராமன் அதைத் தூக்கப் பயந்து தள்ளி நின்றான். அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுளில் அத்தனை நிம்மதியாக அவர் துப்பாக்கி கெட்டித்ததில்லை.

வெயில் முற்றத்தில் பாதி ஏறிவிட்டது. உள்ளே பெண்கள் மஞ்சள் அரைத்தார்கள்.

"போதும் மாமா" என்றான் சீரங்கன்.

தோளில் வைத்தார். விசையை இழுத்தார்.

வெடி எதிர்மலையில் முட்டித் திரும்பியது.

மேளம் நின்றது.

கொளஞ்சி மாரில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

மேளம் மறுபடி தொடங்கியது. முன்னைவிட வேகமாக. நடுவே சீழ்க்கை.

அவள் தூக்கிய கை அப்படியே நின்றது. சீரங்கனுக்குத்தான் முதலில் புரிந்தது. சொல்லத் தயங்கினான்.

"ரெட்டப் புள்ளைன்னு நெனச்சுட்டாங்க மாமா."

எதிர்ச்சரிவில் ஆட்கள் இறங்குவது தெரிந்தது. மேளத்தோடு இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவன் ஓட்டமாக வந்தான். முகம் தெரியாத தூரம். யாரென்று யாரும் கேட்கவில்லை.

அவர் கொம்பை ஆட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு வெடிக்கு மருந்து இருந்தது.

மூன்றாவதையும் பிள்ளை என்றுதான் கேட்பார்கள்.

துப்பாக்கியைத் தரையில் போட்டார். அதை அவர் அப்படிப் போட்டு ஊர் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மருமகனுக்கு எதிரே பள்ளத்தில் இறங்கத் தொடங்கினார்.