பத்து நாற்பத்திரண்டு

மூன்று விரல்களைத் தைத்துவிட்டார்கள். நான்காவது தேறுமா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சுவராக நின்றார். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

உள்ளே மயக்கத்தில் கிடப்பவன் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆபரேட்டர். கூடப் பிறந்த தங்கையின் புருஷன்.

விசாரணைக்கு வந்த சேஃப்டி ஆபீசர், சூப்பர்வைசரின் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

'மூணாம் நம்பர் கட்டிங் மெஷின்ல பிரேக் பிடிக்கல. கை வைக்காதே.'

மச்சானுக்கு அனுப்பிய மெசேஜ். நேரம், பத்து நாற்பத்திரண்டு.

விபத்து, பத்து ஐம்பத்தொன்று.

"உங்க கடமையை நீங்க செஞ்சுட்டீங்க சார். அந்தாளுதான் கண்டுக்கல."

ஃபைலில் பேனா ஓடியது. 'எச்சரிக்கையை அலட்சியம் செய்த ஊழியர்...' மச்சானின் சீட்டைக் கிழிக்க அந்த ஒரு வரி போதும்.

சூப்பர்வைசரின் கேபினிலிருந்து மூன்றாம் நம்பர் மெஷினுக்கு இருபத்திரண்டு எட்டு. நடக்க வலித்தால் மேஜை மேலேயே மைக் இருக்கிறது.

ஆனால் மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லையே!

மூன்று வாரம் முன்பு கேன்டீனில் இவர் தட்டோடு வந்தபோது, துரை வருகிறார், எல்லாரும் எழுந்திருங்கள் என்று மச்சான் கிண்டலடித்தான். கேன்டீனே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே மெசேஜ்தான்.

இன்றைக்கும், முந்தின ஷிப்டுக்காரர் நோட்டில் எழுதிவைத்திருந்ததைப் படித்ததும் பதறித்தான் போனார். கூப்பிட வாய் திறந்தவர், மூடிக்கொண்டு விரலால் தட்டினார்.

அனுப்பிய மறு நொடி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

கண்ணாடி வழியே பார்த்தார். மச்சான் இரண்டாம் நம்பரில்தான் நின்றிருந்தான். டீக்குப் பிறகுதான் மூன்றாம் நம்பருக்குப் போவான். டீ டைமுக்கு இன்னும் கால் மணி நேரம். அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

ரோஷம் தோளைப் பிடித்து உட்கார வைத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தங்கை வந்தாள். அழுது ஓய்ந்த முகம். அண்ணனின் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சண்டையை மறந்து நீ சொல்லியிருக்க. திமிரு புடிச்ச மனுஷன், கேக்கலையே அண்ணா!"

சொல்லித் தொலை என்றது நெஞ்சு. பாக்கெட்டுக்குள் வலது கை இறுகியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தன் போனை எடுத்தாள்.

"அவரு போனைக் காணோம். எங்க விழுந்து கெடக்கோ, அடிச்சுப் பாக்கறேன்."

வேண்டாம் என்று இவர் சொல்வதற்குள் அழுத்திவிட்டாள்.

சூப்பர்வைசரின் வலது பாக்கெட்டுக்குள் மணி அடித்தது.

பேனா நின்றது. தங்கை நிமிர்ந்தாள்.

காலை எட்டு மணிக்கு, வேலை நேரத்தில் போன் எதற்கு என்று, வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டி மச்சானிடமிருந்து பிடுங்கிய போன்.

பத்து நாற்பத்திரண்டுக்கும் அது சத்தம் போட்டது.

அவருடைய மேஜை டிராயருக்குள்.