சுவர் தாண்டிய கிண்ணம்

சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டுச் சற்குணம் சொன்னார். அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வேண்டாமென்று வேதவல்லி அன்றைக்கே சேவலை அடித்து, ஒரு கிண்ணம் குழம்பைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

மறுநாள் விடியலில் அதே கூவல் கேட்டது.

"குழம்பு அருமைம்மா. ஆனா இன்னும் கூவுதே?" என்றார் சற்குணம்.

வேதவல்லி கொல்லையில் மேய்ந்த மூன்று பெட்டைகளையும் திரும்பிப் பார்த்தாள். செத்த சேவல் கூவாது. அப்படியானால் பெட்டைதான் கூவியிருக்க வேண்டும். பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது. அன்று கறுப்புப் பெட்டை கிண்ணத்தில் போனது. மறுநாளும் கூவல் கேட்டது. புள்ளிப் பெட்டை போனது. கோழிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மிஞ்சிய சாம்பல் பெட்டை அடுத்த விடியலில் சுவரேறிப் பார்த்தது. அந்தப் பக்கத்துக் கொல்லையில், கூண்டுக்குள் இருந்த சற்குணத்தின் மைனா, செத்த சேவலின் குரலில் கூவிக்கொண்டிருந்தது.

"நீயா? உனக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம்?"

"ஒன்றுமில்லை. நான் கூவினால் கிண்ணம் வருகிறது. எலும்பில் ஒட்டிய கறி எனக்கும் கிடைக்கிறது. உங்கள் வீட்டம்மா தங்கமானவர் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்."

"இன்றைக்கு நானும் போய்விடுவேன். அப்புறம் கிண்ணத்தில் என்ன வரும்?"

மைனா யோசித்தது. வேதவல்லி வீட்டுத் தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. மைனா தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு மெல்ல, அதே மாதிரி சிணுங்கிப் பார்த்தது.